‘இல்லை’ போட்ட நாற்பத்தொரு செடிகள்

அந்த அறிக்கையை எழுதியவள் நான்தான். வேறு யாரோ எழுதியதைப் போலச் சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவாரங்காட்டேந்தல் ஊருணியின் மேலக்கரையில் அறுபத்திரண்டு வகைச் செடிகள் இருக்கின்றன, அவற்றில் நாற்பத்தொன்றுக்கு எந்தப் பயனும் இல்லை என்று 2011 மே மாதம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள், தச்சு ஆசாரி நாகேந்திரன் மகள் சண்முகப்ரியா. அப்போது நான் தாவரவியல் முதுகலை மாணவி. அந்த அறிக்கைக்காக எனக்கு ஒரு பதக்கம்கூடக் கொடுத்தார்கள்.

பதினாலு வருஷம் கழித்து, போன ஆகஸ்ட் ஆறாம் தேதி, அதே அறிக்கை எங்கள் ஊராட்சி அலுவலகப் பலகையில் தொங்கியது. அதற்கு மேலே ஓர் அறிவிப்பு. பயனற்ற களைகள் மண்டிக் கிடக்கும் மேலக்கரை மூன்று ஏக்கரைப் பதினைந்து வருஷம் பராமரிக்கும் பொறுப்பைக் கோட்டையூர்ச் சாலையில் உள்ள அரண்மனை ஓட்டலிடம் ஒப்படைப்பது, அவர்கள் களைகளை அகற்றிக் கம்பிவேலி போட்டு மூலிகைப் பூங்கா அமைப்பது, ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைப்பது. மூலிகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மூலிகைப் பூங்கா! படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ‘ஆதாரம்: இணைப்பு ஒன்று’ என்ற இடத்தில் என் பெயரைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஊராட்சிச் செயலர் தேவா நல்ல பையன். என் பெயரை அந்தத் தாளில் பார்த்தபோது தனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது என்றான். அவனை என்ன சொல்லித் திட்டுவது? பலகையை இன்னொரு தரம் படித்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

நான் இப்போது காரைக்குடியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு மேலக்கரையில் ஒரு நடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் செருப்பைக் கரைக்குக் கீழேயே விட்டுவிட வேண்டும். குடிதண்ணீர் ஊருணி என்பதால் அது ஊர் வழக்கம், என் சட்டம் அல்ல. என் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: செடியின் பெயரை யாரும் முதலில் சொல்லக் கூடாது. ஆளுக்கொரு செடியின் பக்கத்தில் உட்கார வேண்டும், தொட வேண்டும், கசக்கி மோந்து பார்க்க வேண்டும். பிறகு என்ன ஞாபகம் வருகிறதோ அதைச் சொல்ல வேண்டும். போனை எடுத்துப் படம் பிடித்துச் செயலியிடம் பெயர் கேட்பவர்களை நான் வெளிப்படையாகவே திட்டுவேன்.

அரண்மனை ஓட்டலில் துணி துவைக்கும் விசாலம் அக்கா இப்படித்தான் ஒருநாள் நொச்சிப் புதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொரோனாவில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு யாருக்கும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர். இலையைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனதும், புருஷனுக்குத் தலைவலிக்குமே என்று தலையணைக்குள் நொச்சி திணித்துத் தைத்துக் கொடுத்ததைச் சொன்னார். சொல்லிக்கொண்டே அழுதார். கொஞ்ச நேரத்தில், அந்தத் தலையணையிலும் அந்த மனுஷன் விட்ட குறட்டையைச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட அவர் தவறியதில்லை.

நான் வைத்தியச்சி இல்லை. யாருக்கும் கஷாயம் காய்ச்சிக் கொடுப்பதில்லை, காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போ என்றுதான் சொல்வேன். ஆனால் எங்கள் ஊரில் ஆஸ்பத்திரியில் தீராத ஒரு நோய் இருக்கிறது. தனக்கு ஒன்றும் தெரியாது, தன் ஆத்தாளுக்கும் தெரியாது, தெரிந்தது எல்லாம் படித்தவர்களுக்குத்தான் என்று நம்பிக்கொண்டு தலை குனிந்து நிற்கிற நோய். அதை இந்த ஊரில் பரப்பியவர்களில் நானும் ஒருத்தி. ஞாயிறு நடை அதற்குத்தான்.

என் அம்மா நாகவல்லி மட்டும் அந்த நடைக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. வீட்டிலிருந்து கரைக்கு ஐந்து நிமிஷம்.

2011 மே மாதத்தில் நாலு நாள் என்னோடு அந்தக் கரையில் நடந்தவள் அவள்தான். அக்கினி நட்சத்திர வெயில். ஒவ்வொரு செடியாகக் காட்டி இது எதற்கு, எப்போது பறிக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் பென்சிலால் எழுதிக்கொண்டே போனேன். கல்லூரியில் என் பேராசிரியர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுப் பெண்கள் பேச்செல்லாம் ஆதாரம் ஆகாது, அச்சான புத்தகத்தில் இருந்தால் எழுது, இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று போடு என்றார். அவர் சொன்ன புத்தகங்கள் இரண்டும் வெள்ளைக்காரன் காலத்தில் தொகுத்த சின்னப் பட்டியல்கள், குப்பைமேனிகூட அவற்றில் இல்லை. தேடினேன். இருபத்தொரு செடிக்கு ஏதோ இருந்தது. மற்ற நாற்பத்தொன்றில் அம்மா சொன்னதையெல்லாம் ரப்பரால் அழித்துவிட்டு, அவளே தெரியவில்லை என்ற சிலவற்றையும் சேர்த்து, ‘இல்லை’ என்று எழுதினேன்.

அந்த இடத்தை வெறுமனே விட்டிருக்கலாம். விடவில்லை. உண்மையைச் சொன்னால், அழிக்கும்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஆசாரி வீட்டுப் பெண் என்பது அந்த வரிகளில் அப்பட்டமாகத் தெரிந்தது. வெட்டுக்காயப் பூண்டு என்று ஒரு செடி. அப்பாவின் கையில் உளி ஏறிய போதெல்லாம் அம்மா ஓடிப்போய் அதைப் பறித்து வந்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கிச் சாற்றைப் பிழிவாள், ரத்தம் நிற்கும். எத்தனை முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதற்கு நான் எழுதியது இது: ‘அயல்நாட்டுக் களை. பயன்பாடு: இல்லை.’ இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

படிப்பு முடிந்து வெளியூரில் மூன்று வருஷம், பழைய காலத்தில் காயவைத்து ஒட்டிய செடித் தாள்களைக் கணினியில் ஏற்றும் வேலை பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும் இடம், தேதி, சேகரித்த துரையின் பெயர். வழி காட்டியவன் பெயர் இல்லை, பறித்துக் கொடுத்தவள் பெயர் இல்லை, கூடையைத் தலையில் சுமந்தவன் பெயர் இல்லை. எங்கள் பக்கத்துச் செடி ஒன்றின் கீழே, சுதேசிகளுக்கு இதனால் பயன் ஏதுமில்லை என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. எவனைக் கேட்டாய் நீ என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தத் துரைக்காவது கேட்க ஆள் கிடைக்காமல் இருந்திருக்கலாம். நான் கேட்டுவிட்டு அழித்தவள். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன்.

அறிவிப்பைப் பார்த்த மறுநாள் ஓட்டல் முதலாளி கார்த்திக்கைப் போய்ப் பார்த்தேன். செம்பு டம்ளரில் பானகம் கொடுத்தார். தங்கமான பேச்சு. பூங்காவில் துளசி, வெட்டிவேர், ரோஸ்மேரி எல்லாம் வரும், ஒவ்வொன்றுக்கும் பித்தளையில் பெயர்ப் பலகை, விருந்தினர்களை அழைத்துச் சுற்றிக் காட்டும் பொறுப்பு எனக்குத்தான் என்றார். ஊர்க்காரர்கள் உள்ளே வரலாமா என்று கேட்டேன். திருவிழா நாட்களில் வரலாம் என்றார்.

“அக்கா, அந்த அறிக்கையை நான் எழுதலை. நீங்க எழுதுனது. அது தப்புன்னு இப்பப் போய் நீங்களே சொன்னா, நாளைக்கு காலேஜ்ல ஒங்க பட்டத்தப் பத்திக் கேப்பாக. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

பானகத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். மிரட்டுகிறவன் குரலை உயர்த்தினால் பதில் சொல்வது சுலபம், இவர் என் நல்லதுக்குச் சொன்னார்.

அன்றிலிருந்து ஆறு நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். அறிக்கையில் உள்ள பெயர்களைச் சொல்லி இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர், சும்மா மொளைச்சுக் கெடக்கு. ஞாயிறு நடைக்கு வருகிறவர்கள்கூட, சபையில் எழுந்து சொல்வீர்களா என்றதும் பின்வாங்கினார்கள். ஒருத்தி குழந்தைக்குச் சிரங்கு என்று குப்பைமேனி அரைத்துப் பூசியதை நர்ஸிடம் சொல்லி, எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டவள். இன்னொருத்தர் ஓட்டலில் வேலை பார்க்கிறவர். நான் காகிதத்தில் எழுதிய ‘இல்லை’ இப்போது மனிதர்களின் வாயிலிருந்து வந்தது.

பதிமூன்றாம் தேதி வேறு வழி இல்லாமல் அம்மாவிடம் வந்து நின்றேன். முற்றத்தில் புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். சபையில் வந்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றேன்.

“எனக்கு என்னத்தா தெரியும். படிச்ச பிள்ளையே இல்லைன்னு எழுதியிருக்கு.”

அறிக்கையில் இருப்பது அவளுக்குத் தெரியாது என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவள் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

“அச்சடிச்சு வந்த அன்னைக்கே ஒந்தம்பி முத்துகிட்டக் குடுத்து, எம்பேரு இருக்கான்னு பாருடான்னேன். முழுசா வாசிச்சான். பேரும் இல்ல, நாஞ்சொன்னதும் இல்ல. நாலு நா வெயில்ல ஒங்கூட நடந்தேன்த்தா.”

பதினாலு வருஷம். எனக்குச் சோறு போட்டு, என் பதக்கத்தைத் துடைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்து, ஒரு வார்த்தை கேட்டதில்லை. தரையில் உட்கார்ந்து, என்னை மன்னித்துவிடு அம்மா என்று அழுதேன். அவள் புளிக்கொட்டையை எல்லாம் கூட்டி ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

“எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது. எழுதுனது ஊருக்குல்ல. ஊருல போய்ச் சொல்லு.”

சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் அங்கேயே புளியமரத்தடியில் சபை கூடியது. நூற்றைம்பது பேருக்குக் குறையாது. கார்த்திக் முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு இருந்தார். அம்மா வரவில்லை. தேவா தீர்மானத்தை வாசித்து, என் அறிக்கையையும் வாசித்தான். யாருக்காவது மறுப்பு உண்டா என்று ஊராட்சித் தலைவர் கேட்டதும் எழுந்தேன்.

அந்த அறிக்கையில் நாற்பத்தொரு இடத்தில் உள்ளது பொய் என்றேன். எழுதியவள் நான், கேட்டுத் தெரிந்துகொண்டதை அழித்துவிட்டு எழுதினேன், அதற்காக இந்த ஊரிடம் மன்னிப்புக் கேட்கிறேன், பதக்கத்தைக் கல்லூரியிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். கூட்டத்தில் சலசலப்பு. கார்த்திக் எழுந்து, அக்காவின் வருத்தம் புரிகிறது, ஆனால் முத்திரை போட்ட அறிக்கையை வாய்ப்பேச்சால் மாற்ற முடியுமா, ஒரு செடிக்காவது ஆதாரம் காட்டட்டும் என்று உட்கார்ந்தார்.

நான் பட்டியலை எடுத்து முதல் பெயரை வாசித்தேன். புத்தகத் தமிழில் ஒரு தரம், லத்தீனில் ஒரு தரம். இது யாருக்காவது உதவியிருக்கிறதா? யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது, நான்காவது. விசாலம் அக்காவே தலையைக் குனிந்துகொண்டார். ஐந்தாவது பெயரைத் தொடங்கும்போது கூட்டத்தின் பின்பக்கம் ஆட்கள் விலகினார்கள்.

அம்மா வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் பனையோலையில் முடைந்த பெரிய கொட்டான், அது நிறையக் கொத்துக் கொத்தாய்ப் பச்சை. காலில் கரை மண் ஒட்டியிருந்தது. விடிந்ததும் கரைக்குப் போயிருக்கிறாள். நேரே வந்து கொட்டானை என் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, என் கையிலிருந்த தாளை வாங்கி மடித்தாள்.

“பேரை வாசிச்சா யாருக்குத்தா தெரியும். செடியக் கையில குடு.”

ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் பிறருக்குப் போடும் சட்டம் அது. பயத்தில் நானே மறந்துபோய் மறுபடியும் தாளை நம்பியிருக்கிறேன். ஆறு நாள் வீடு வீடாகப் போய்ச் செய்ததும் அதே தப்புதான். வெட்கப்பட நேரமில்லை. கொட்டானிலிருந்து கைக்கு வந்த கொத்தை எடுத்து முன்வரிசையில் நீட்டினேன். மஞ்சள் நடுவும் வெள்ளை இதழும் கொண்ட சின்னப் பூ, வெட்டுக்காயப் பூண்டு. கை மாறிக் கை மாறிப் போய் ஆசைத்தம்பி அண்ணனிடம் வந்தது. அப்பாவிடம் தொழில் பழகியவர், இப்போது கார்த்திக்கின் ஓட்டலில் பழைய கதவுகளைச் செப்பனிடுகிறார். அதைப் பார்த்தார், பிறகு தன் முதலாளியைப் பார்த்தார். எழுந்து நின்று இடது கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். காய்ந்த வெட்டின்மேல் இன்னும் பச்சைக் கறை இருந்தது.

“போன செவ்வாக்கெழம ஓட்டல் தலைவாசக் கதவுல வேல பாக்கையில உளி ஏறிருச்சு. முதலாளி, நீங்க பக்கத்துலதான நின்னீக. கரைக்கு ஆளவிட்டு இதப் பறிச்சாந்துதான் வச்சுக் கட்டுனேன். சாயங்காலம் அந்தக் கதவ முடிச்சும் குடுத்தேன். இதுக்குப் பயன் இல்லையா?”

கார்த்திக் முகம் சிவந்துவிட்டது. அது நம்ம மண்ணுச் செடியே இல்லை, அமெரிக்காவிலிருந்து வந்த களை என்றார். அவர் சொன்னது சரிதான், செடி அங்கிருந்து வந்ததுதான். ஆசைத்தம்பி அண்ணன் விடவில்லை.

“எங்கருந்து வந்தா என்ன முதலாளி, வந்து வேல பாக்குதுல்ல. ஒங்க வீட்டுத் தூணு அம்புட்டும் பர்மாவுலருந்து வந்த தேக்குதான். அத யாரும் களைன்னு சொல்லலையே.”

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. அந்தச் சிரிப்போடு ஊருக்குப் பயம் விட்டுப்போய்விட்டது. அடுத்த கொத்தைக் கேட்டு வாங்கினார்கள். பொடுதலையா, கொண்டா இங்குட்டு, துவையல் அரைத்தால் பிள்ளை ரெண்டு வாய் கூடத் தின்னும் என்றாள் ஒருத்தி. நர்ஸிடம் திட்டு வாங்கியவள் குப்பைமேனியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆமா நான் அரைச்சுத்தான் போட்டேன் என்றாள். எதற்கு ஆகும் என்பதோடு, எதைத் தின்னக் கூடாது, எது பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது என்றும் வாக்குவாதம் நடந்தது. ஒரு கொத்துக்கு மூன்று தெருவில் மூன்று பெயர். விசாலம் அக்கா வாங்கிய செடி ஒன்றுக்கு மனுஷருக்கு உபயோகம் கிடையாது, ஆனால் அவர் ஆடு அதைத் தேடிப்போய்த் தின்னும், ஆடு என்ன கணக்கில் இல்லையா என்று கேட்டார். தேவா குனிந்த தலை நிமிராமல் எழுதினான். ஒவ்வொன்றுக்கும் எதிரே சொன்னவர் பெயரையும் எழுது என்றேன்.

பதினோரு மணிக்குக் கை தூக்கச் சொன்னார் தலைவர். தீர்மானத்துக்கு ஆதரவாக எழுந்த கைகள் ஒன்பது. கார்த்திக் கோர்ட்டுக்குப் போவேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஆசைத்தம்பி அண்ணனிடம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் சொன்னாராம். பாதி இழைத்த கதவு அங்கேயே கிடக்கட்டும், எவன் வந்து முடிக்கிறான் பார்ப்போம் என்றுவிட்டு அண்ணன் வெற்றிலை போடப் போனார்.

தேவா என்னிடம் நோட்டைக் காட்டினான். நாற்பத்தொன்றில் முப்பத்து நாலுக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஏழு செடியை எல்லோரும் மோந்து பார்த்தும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இந்த ஏழுக்கும் இல்லை என்றே போட்டுவிடவா டீச்சர் என்று கேட்டான். நான் பதில் சொல்லும் முன் அம்மா குறுக்கே வந்தாள்.

“தெரியலைன்னு எழுதுப்பா. நமக்குத் தெரியாட்டி அதுக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆயிருமா.”

அப்படியே எழுதினான். எழுதிய தாள்களை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து அன்றைக்கே முதல் பிரதியைச் சுத்தமாக எழுதி முடித்தேன். அம்மா நாலு நாள் வெயிலில் நடந்து சொன்னவற்றை மறுபடி அவள் வாயால் கேட்டு, ‘சொன்னவர்: நாகவல்லி, 2011 மே’ என்று தேதியோடு போட்டேன். கோர்ட்டில் கேட்டால் இதைத்தான் நீட்டப்போகிறேன். கூடவே கொட்டானும் வரும்.

அம்மா முத்துவைக் கூப்பிடவில்லை. தாளை என்னிடமே நீட்டி, எம்பேரு எங்குட்டு இருக்கு காட்டு என்றாள். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள்.

“ஞாயித்துக்கெழம எத்தன மணிக்குப் போவீக? கோர்ட்டுலருந்து பாக்க வந்தா கரையில ஆளு இருக்கணும்ல.”

ஆறரைக்கு என்றேன்.